இணையத்தில் நினைவாற்றல் சோதனை: அம்மாவுக்கு வந்த மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்?

சுகந்தி (கொழிஞ்சாம்பாறை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் இருக்கிறது. என் அம்மாவுக்கு 72 வயது ஆகிறது. தமிழ்வழிப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை படித்தவர். வீட்டில் தமிழும், பால் சொசைட்டியிலும் ரேஷன் கடையிலும் மலையாளமும் பேசுவார். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார். மலையாளத்தில் பேருந்துப் பலகையை அடையாளம் கண்டுகொள்வாரே தவிர, வாசிக்கத் தெரியாது.

சில மாதங்களாக அம்மாவிடம் மாற்றம் தெரிகிறது. சித்தி மகளின் கல்யாணத் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட சிறிது நேரத்திலேயே மறுபடியும் அதையே கேட்கிறார். சொசைட்டிக்கு ஊற்றும் பாலின் அளவைக் காலை, மாலை என்று நாள்காட்டியில் பென்சிலால் குறித்து வைப்பது அவருடைய நெடுநாள் பழக்கம். இப்போது காலையில் ஊற்றிய அளவையே மாலைக்கும் எழுதிவிடுகிறார், அல்லது ஒரே கட்டத்தில் இரண்டு முறை எழுதுகிறார். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்த பிறகுதான் நினைவு வருகிறது. ஆனால் எந்த மாட்டுக்கு எப்போது சினை ஊசி போட்டது, எப்போது கன்று ஈனும் என்பதை இன்றும் தவறாமல் சொல்கிறார். கடையில் மீதிச் சில்லறையையும் சரியாக எண்ணி வாங்குகிறார். அப்பா காலமாகி ஓராண்டு கூட ஆகவில்லை. அம்மா பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இடது காது சற்று மந்தம்.

இந்த நிலையில் உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பை அனுப்பினார். முதியவர்களின் அறிவாற்றலைப் பதினைந்து நிமிடத்தில் அளந்து சொல்லும் இலவசச் சோதனை என்று அதில் போட்டிருந்தது. அம்மாவுக்குத் தொடுதிரைப் பழக்கம் இல்லை என்பதால் கேள்விகளை நான் வாசித்து, அவர் சொன்ன விடைகளை நானே தொட்டேன். இன்று என்ன தேதி என்ற கேள்விக்கு, ஆவணி பிறந்து நான்கு நாள் ஆகிறது என்றார். அது சரியான விடைதான். ஆனால் அந்தத் தளத்தில் ஆங்கில மாதத்தை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். மூன்று சொற்களைச் சொல்லிச் சிறிது நேரம் கழித்துக் கேட்டபோது ஒன்றைத்தான் சொன்னார். ஒரு கனசதுரத்தைப் பார்த்து வரையும் பகுதியில் விரலை வைத்ததுமே, தனக்கு வராது என்று கையை எடுத்துக்கொண்டார். முடிவில் 30க்கு 13 என்று சிவப்பு எழுத்தில் வந்தது. கடுமையான குறைபாடு இருக்கலாம் என்ற வரியும், அதன் கீழே நினைவாற்றல் மாத்திரை வாங்குவதற்கான பொத்தானும் இருந்தன.

வளைகுடாவில் இருக்கும் தம்பி, உடனே கோவைக்கு அழைத்துப் போய்த் தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறான். வயதானால் மறதி வரத்தான் செய்யும், கிளற வேண்டாம் என்கிறார்கள் வீட்டில் மற்றவர்கள். இந்த மதிப்பெண்ணுக்கு ஏதேனும் பொருள் உண்டா? இணையத்தில் நம்பத்தகுந்த சோதனை என்று ஏதாவது இருக்கிறதா? முதலில் யாரிடம் போவது, எந்த மொழியில் சோதிக்கச் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மரகதம் (மருத்துவ உளவியலாளர், கோவை) எழுதியது:

சுகந்தி அவர்களுக்கு, நீங்கள் எழுதியவற்றில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. நாள்காட்டியிலும் அடுப்பிலும் நீங்கள் கண்ட மாற்றம் ஒன்று. அந்தத் தளம் கொடுத்த 13 என்ற எண் மற்றொன்று. முதலாவதைக் கட்டாயம் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். இரண்டாவதை ஒதுக்கி வைத்துவிடலாம். ஏன் என்று சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே எண்களைப் பிடித்துக்கொண்டு உறக்கம் இழந்த குடும்பங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இணையத்தில் உலவும் சோதனைகளில் பெரும்பாலானவை இரண்டு பழைய தேர்வுகளைத் தழுவியவை. ஒன்று 1975இல் வெளியான எம்.எம்.எஸ்.இ.; மற்றொன்று 2005இல் கனடாவின் மான்ட்ரியலில் உருவான மோக்கா. இரண்டுக்கும் மொத்தம் 30 மதிப்பெண்கள். மோக்காவில் 26க்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும் என்று முதலில் வகுத்தது, பள்ளியிலும் கல்லூரியிலும் பல ஆண்டுகள் படித்த கனடியர்களை வைத்து. பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுப்பார்கள். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டு, அதன் பிறகு பென்சில் பிடித்ததெல்லாம் பால் கணக்கு எழுத மட்டுமே என்ற ஒருவருக்கு அந்த ஒற்றை மதிப்பெண் எப்படி ஈடாகும்? கனசதுரம் வரைவதும், எழுத்தையும் எண்ணையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைப்பதும் பள்ளிக்கூடம் பழக்கிவிடும் திறன்கள். அவை வராமல் போனால் நோயைக் காட்டிலும் படிப்புக் குறைவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் குறையை ஆய்வாளர்கள் அறியாமல் இல்லை. ஹரியானாவின் பல்லப்கட் பகுதியில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காக எம்.எம்.எஸ்.இ.யை மாற்றியமைத்து, 1995இல் இந்தி வடிவம் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதிலாக வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொல்வார்கள். எழுதியிருப்பதை வாசித்து அதன்படி செய்யச் சொல்வதற்குப் பதிலாக, சோதிப்பவர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யச் சொல்வார்கள். குறைவாகப் படித்தவர்களுக்கென்று மோக்காவுக்கும் ஓர் எளிய வடிவம் 2015இல் வந்தது. தமிழில், 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு சென்னை நகரத்திலும் வேலூர்ச் சிற்றூர்களிலும் முதியவர்களிடையே பணியாற்றியிருக்கிறது. படிப்பறிவின் தாக்கம் குறைவாக இருக்கும்படி சோதனையை அமைப்பதும், குடும்பத்தாரின் வாக்கையும் சேர்த்துப் பார்ப்பதும் அந்தக் குழுவின் வழிமுறையில் அடிப்படை. உங்களுக்கு வந்த இணைப்பில் இவற்றில் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து, சோதனை நடந்த விதம். காது மந்தமானவருக்குச் சொற்களை எந்தப் பக்கம் அமர்ந்து சொன்னீர்கள், எவ்வளவு உரக்கச் சொன்னீர்கள் என்பதே விடையை மாற்றும். மூன்று சொற்களும் காதில் விழுந்தனவா என்று முதலில் உறுதி செய்துகொண்டுதான் பிறகு நினைவைச் சோதிக்க வேண்டும். நேர வரம்பு ஓடிக்கொண்டிருக்கும் திரையும், மகள் முன்னால் தோற்றுவிடுவோமோ என்ற தயக்கமும் எவரையும் தடுமாற வைக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அல்சைமர் நோயைக் கண்டறிவதாகச் சொல்லி இணையத்தில் இலவசமாகக் கிடைத்த 16 சோதனைகளை வல்லுநர் குழுவைக் கொண்டு மதிப்பிட்டு, 2013இல் முடிவை அறிவித்தார்கள். அவற்றுள் நான்கில் மூன்று பங்கு, அறிவியல் நம்பகத்தன்மையில் மோசம் அல்லது மிக மோசம் என்ற நிலையில் இருந்தன.

சோதனை நன்றாகவே அமைந்திருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. அது 88 லட்சம் பேர். ஆயிரம் முதியவர்களைத் தெருவில் நிறுத்திச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 74 பேருக்கு நோய் இருக்கும். நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேரைப் பிடித்து, இல்லாதவர்களில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாக விடுவிக்கும் சோதனை ஒன்று இருப்பதாகவும் கொள்வோம். அது 63 நோயாளிகளைக் கண்டுபிடிக்கும். கூடவே நோய் இல்லாத 185 பேரையும் சிவப்பு எழுத்தில் காட்டும். அதாவது, சிவப்பு வந்த நால்வரில் ஒருவருக்குத்தான் நோய். 11 நோயாளிகள் ஒன்றுமில்லை என்ற ஆறுதலோடு வீடு திரும்பிவிடுவார்கள். அறிகுறி இல்லாத முதியவர்கள் எல்லோரையும் இவ்வாறு சோதிக்கலாமா என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020இலும் போதுமான சான்று இல்லை என்றே கூறியது. உங்கள் அம்மாவுக்கு அறிகுறிகள் இருப்பதால் இந்தக் கணக்கு அவருக்கு அப்படியே பொருந்தாது. நோய் இருக்கும் வாய்ப்பு அவருக்குச் சற்றுக் கூடுதல். அதனால்தான் மருத்துவரிடம் போகச் சொல்கிறேன்.

நம்பத்தகுந்தது எதுவுமே இல்லையா என்றால், உண்டு. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய சேஜ் என்ற தேர்வை, தாளில் பேனாவால் வீட்டிலிருந்தே எழுதலாம். மொத்தம் 22 மதிப்பெண்கள். அதற்குக் கணினி வடிவமும் இருக்கிறது. விடைகளை மருத்துவரிடம் எடுத்துச் சென்று பார்க்க வைப்பதற்காகவே அது அமைந்தது. ஒருவரின் இன்றைய மதிப்பெண்ணை அவருடைய பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடும்போதுதான் அதன் பயன் முழுமையாகத் தெரிகிறது. ஆனால் அதுவும் எழுதப் படிக்கச் சரளமாகத் தெரிந்தவர்களுக்கானது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பேன். உங்கள் அம்மாவுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு வேண்டுகோள். சோதனையில் வந்த சொற்களையும் படங்களையும் இங்கே யாரும் பதிவிட வேண்டாம். முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் மருத்துவமனைத் தேர்வும் பயனற்றுப் போகும். அதே காரணத்தால், அம்மாவை வாரந்தோறும் சோதித்துப் பார்க்காதீர்கள்.

இராசேந்திரன் (மீனாட்சிபுரம்) எழுதியது:

மேலே எழுதியவர் சொன்ன குடும்பத்தார் வாக்கு என்பதைப் பற்றி, என் அப்பாவைப் பார்த்துக்கொண்ட அனுபவத்திலிருந்து சேர்த்துச் சொல்கிறேன். அப்பா தென்னந்தோப்பு மேற்பார்வை பார்த்தவர். கையெழுத்துப் போடுவதோடு சரி. எங்கள் மருத்துவர் அப்பாவிடம் கேட்டதைவிட என்னிடம் கேட்டதுதான் அதிகம். ஏடி8 என்று எட்டே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. முடிவெடுப்பதில் தடுமாற்றம், பழைய ஈடுபாடுகளில் நாட்டமின்மை, சொன்னதையே சொல்லுதல், புதுக் கருவியைக் கையாளப் பழகுவதில் சிரமம், மாதமோ ஆண்டோ மறத்தல், பணக் கணக்கில் குழப்பம், சந்திப்புகளை மறத்தல், அன்றாடம் நினைவும் சிந்தனையும் தடுமாறுதல் ஆகியவற்றில் முன்பில்லாத மாற்றம் தெரிகிறதா என்று உடன் இருப்பவரிடம் கேட்பார்கள். இரண்டோ அதற்கு மேலோ ஆம் என்று வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். இதில் படிப்புக்கு வேலையில்லை, ஏனென்றால் அவரை அவருடைய பழைய நிலையோடுதான் ஒப்பிடுகிறோம். எங்களைப் போன்ற வீடுகளுக்கு இதுவே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இதற்கு விடை சொல்ல வேண்டியவர் கூடவே இருப்பவர்தான். வாரம் ஒருமுறை காணொளியில் பேசும் உங்கள் தம்பியால் சொல்ல முடியாது.

இன்னொன்று, மாத்திரைகள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார் மருத்துவர். மேசைமேல் அவற்றைப் பரப்பிப் பார்த்தபோது, சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையும், எப்போதோ எழுதிக் கொடுத்து நிறுத்தாமல் தொடர்ந்த தூக்க மாத்திரையும் இருந்தன. பழைய வகைச் சளி, ஒவ்வாமை மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் முதியவர்களின் தெளிவை மங்கச் செய்யும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. படிப்படியாக அவற்றைக் குறைத்த பிறகு அப்பா எவ்வளவோ தெளிந்தார். முழுவதும் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மூளை இரத்தக் குழாய் தொடர்பான டிமென்ஷியா இருப்பதாகப் பின்னர் உறுதியாயிற்று. ஆயினும் அந்தத் தெளிவான மாதங்களில்தான் நிலப்பத்திரம், வங்கிக் கணக்கு, தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையெல்லாம் அவரே எங்களிடம் சொல்லி முடித்தார்.

உங்கள் அம்மா பல ஆண்டுகளாகச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் என்றால், வைட்டமின் பி12 அளவைப் பார்க்கும்படி கேளுங்கள். நீண்ட காலம் அதைச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவதுண்டு. அது குறைந்தால் மறதியும் வரலாம், கால் மரத்துப் போவதும் வரலாம். ஊசியோ மாத்திரையோ கொடுத்து அதைச் சரிசெய்யலாம்.

யூசுப் (கோவிந்தாபுரம்) எழுதியது:

நான் மென்பொருள் துறையில் இருப்பவன், மருத்துவம் அறியேன். அந்தத் தளத்தின் கீழே இருந்த மாத்திரைப் பொத்தானைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பயத்தை உண்டாக்கும் இடத்திலேயே பொருளையும் விற்கிறார்கள் என்றால் அந்த மதிப்பெண்ணை ஐயுறுவதற்கு அதுவே போதும். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கில்லை. மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லுமோசிட்டி நிறுவனம், மறதியையும் டிமென்ஷியாவையும் தள்ளிப்போடலாம் என்ற தோற்றத்தைப் போதிய சான்றின்றி ஏற்படுத்தியது என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2016இல் அந்நிறுவனம் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

அம்மாவின் பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுத்திருந்தால், அவற்றை நீக்கச் சொல்லித் தளத்துக்கு எழுதுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் நம் நாட்டில் சட்டம் வந்திருக்கிறது; தரவை நீக்கக் கோரும் உரிமை அதில் சொல்லப்பட்டுள்ளது. மறதி இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் ஒரு முதியவரின் கைபேசி எண் யார் கையில் சேர்கிறது என்பது சிறிய விஷயமில்லை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஏமாற்றுபவர்கள் தேடுவது இத்தகைய பட்டியல்களைத்தான். அம்மாவுக்கு வரும் அழைப்புகளைச் சில காலம் கவனித்து வாருங்கள்.

சுகந்தி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா சாப்பிடுவது மெட்ஃபார்மின்தான். ஏடி8 கேள்விகளுக்கு என் அளவில் மூன்றுக்கு ஆம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே மருத்துவரிடம் போவது என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு ஐயங்கள் மீதி இருக்கின்றன. இங்கே அரசு மருத்துவமனையில் மலையாளத்தில்தான் பேசுவார்கள். அம்மா மலையாளம் பேசினாலும் தேர்வு என்று வந்தால் தடுமாறுவார். கோவைக்கே போய்விடுவது நல்லதா? இரண்டாவது, நான் தேர்ச்சி பெற்றேனா என்று அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். என்ன சொல்வது?

லில்லி (செவிலியர், வேலந்தாவளம்) எழுதியது:

முதல் ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். எடுத்த எடுப்பிலேயே கோவைக்குப் போக வேண்டியதில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, பி12, தைராய்டு, சோடியம், இரத்தசோகை, கண், காது, மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்ப்பதற்கு மொழி ஒரு தடையே இல்லை. அவற்றை அருகிலேயே முடித்துவிடலாம். அப்பா காலமாகி ஓராண்டுக்குள் என்று எழுதியிருக்கிறீர்கள். துக்கமும் மனச்சோர்வும் முதியவர்களிடம் மறதியின் உருவில் வருவது எங்கள் வேலையில் நாள்தோறும் காண்பது. அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். தலை ஸ்கேன் வேண்டுமா என்பதை இவற்றுக்குப் பிறகு மருத்துவர் முடிவு செய்வார். அம்மா அண்மையில் தொழுவத்திலோ குளியலறையிலோ விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் மட்டும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதியவர்களுக்கு மூளையைச் சுற்றி மெல்ல இரத்தம் கசிந்து, வாரங்கள் கழித்துக் குழப்பம் வருவதுண்டு.

கேரளத்தில் மறதிநோய்க்காக ஓரளவு நல்ல அடித்தளம் இருக்கிறது. அல்சைமர் நோயாளிகளுக்கும் குடும்பங்களுக்குமான தேசியச் சங்கம் 1992இல் தொடங்கியதே நம் பக்கத்து மாவட்டமான திருச்சூரின் குன்னங்குளத்தில்தான். சமூகநீதித் துறையின் ஓர்மத்தோணி என்ற திட்டமும் நடக்கிறது. உங்கள் ஊர் ஆஷா பணியாளரிடம் கேட்டால் அருகில் எங்கே நினைவாற்றல் பரிசோதனை நடக்கிறது என்று சொல்வார். வெளியே போக முடியாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது.

மொழிதான் உண்மையில் சிக்கல். மலையாளத்தில் நல்ல கருவிகள் இருக்கின்றன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் ஒரு விரிவான தேர்வை மலையாளத்துக்கு ஏற்றவாறு அமைத்து 2004இல் வெளியிட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய அறிவாற்றல் சோதனைத் தொகுப்பும் முதலில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் வந்தது. தமிழ் அந்த ஐந்தில் இல்லை. அதனால் நம் எல்லைப் பகுதியில் தமிழ் முதியவர் ஒருவருக்கு, அவர் மலையாளம் பேசுகிறாரே என்று மலையாளத் தேர்வையே வைத்துவிடுவது எளிதாக நடந்துவிடுகிறது. யாரிடமும் குற்றம் இல்லை, ஆனால் இழப்பு முதியவருக்கு. அம்மா எந்த மொழியில் மனக்கணக்குப் போடுகிறார், எந்த மொழியில் சாமி கும்பிடுகிறார் என்று கவனியுங்கள். அந்த மொழியில் சோதிக்கும்படி கேளுங்கள். தேதிக்கு அவர் ஆவணி என்றாலும், மலையாள மாதக் கணக்கில் சிங்கம் நான்கு என்றாலும், அது சரியான விடை என்பதை மருத்துவரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லலாம். இங்குள்ள மருத்துவர்களில் பலருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். இரத்தப் பரிசோதனையெல்லாம் முடிந்த பிறகும் ஐயம் நீடித்தால், முறையான நினைவாற்றல் தேர்வுக்காக மட்டும் கோவைக்குப் போங்கள்.

இரண்டு மொழி பேசுவதே குழப்பத்துக்குக் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹைதராபாத்தில் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டுகள் தாமதமாகவே தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வேறுபாடு காணப்பட்டது. நோயே வராது என்பதற்கு அது உத்தரவாதமில்லை. ஆனால் சந்தையிலும் சொசைட்டியிலும் இரண்டு மொழி பேசிப் பழகியதால் அம்மாவுக்குக் கெடுதல் ஏதும் வந்துவிடவில்லை என்று தாராளமாக நம்பலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஓரிரு நாட்களில் திடீரென்று குழப்பம் மிகுந்தாலோ, பகலில் மயங்கிக் கிடந்து இரவில் புலம்பினாலோ, காய்ச்சலோடு பிதற்றினாலோ, இணையத்தையும் இந்தப் பதிவையும் விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை தாழ்தல், பக்கவாதம் இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம்.

மரகதம் எழுதியது:

அம்மாவின் கேள்விக்கு நேர்மையாகவே விடை சொல்லுங்கள். அந்தத் தேர்வு அவரைப் போன்றவர்களுக்காகச் செய்ததில்லை என்பதும், அதனால் அதன் மதிப்பெண்ணை நம்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்பதும் உண்மைதானே. அதோடு நிறுத்திவிடாமல், நாள்காட்டியில் கணக்கு மாறிப்போவதை அவரே கவனித்தாரா என்று தனியாக இருக்கும் நேரத்தில் கேளுங்கள். பல முதியவர்கள் பிள்ளைகளுக்கு முன்பே அதைக் கவனித்து, சொல்லத் தயங்கி மறைத்து வைத்திருப்பார்கள். சர்க்கரைக்குப் பார்க்கப் போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்துச் சென்று, அங்கே திடீரென்று நினைவாற்றல் தேர்வு வைப்பதை நான் ஒப்புவதில்லை. அடுத்த முறை அவர் உங்களோடு வரமாட்டார். காது, கண், இரத்தம், நினைவு எல்லாவற்றையும் பார்க்கப் போகிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். முடிவு தெரியும்போது தனக்கும் சொல்ல வேண்டுமா, உங்களிடம் மட்டும் சொன்னால் போதுமா என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும்.

தம்பிக்கு மனக்குறை இருந்தால், மருத்துவரைப் பார்க்கும் நாளில் காணொளி அழைப்பில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பி12 குறைவோ மனச்சோர்வோ இருப்பது தெரிந்து சிகிச்சை தொடங்கினால், நான்கைந்து மாதங்களுக்குப் பிறகு மறுதேர்வு கேளுங்கள். முடிந்தால் அதே மருத்துவரிடம், அதே மொழியில், அம்மா வழக்கமாகத் தெளிவாக இருக்கும் காலை வேளையில். முதல் தேர்வின் தாளை நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் மாறினாலும் ஊர் மாறினாலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அந்தத் தாள்தான் கையில் இருக்கும்.